நான் சோறு தின்னாத வருடம்

என்னை இடித்தது ரொட்டி. இன்னும் சரியாகச் சொன்னால், இரண்டு பக்கமும் ரொட்டிப் பொட்டலங்களைத் தோரணம்போல் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்கும் ஒருவரின் மோட்டார் சைக்கிள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் சிவப்பு விளக்குக்காக நான் என் மோட்டார் சைக்கிளில் நின்றுகொண்டிருந்தபோது அது பின்னால் வந்து மோதியது. நின்றுகொண்டிருந்தேன் என்பதைக் கவனிக்கவும். வேகமாகப் போய் விழுந்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது மிஞ்சும். எனக்கு அதுவும் இல்லை.

தலைக்கவசம் தலையில்தான் இருந்தது. பட்டியை மாட்டவில்லை. மாட்டினால் தாடை உறுத்துகிறது என்று பதினைந்து வருடமாக ஒரு காரணம் வைத்திருந்தேன். அதனால் கவசம் ஒரு பக்கம் உருண்டது, தலை இன்னொரு பக்கம் போய்ச் சாலையோரக் கல்லில் மோதியது. ரொட்டிக்காரருக்குக் கையில் சிராய்ப்பு. நான் மருத்துவமனையில் கிடந்த மூன்று வாரமும் அவர் வாரம் தவறாமல் வந்தார். ஒவ்வொரு முறையும் தேங்காய்ப் பூரணம் வைத்த பன் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். மனிதர் கண் கலங்கி நின்ற விதத்தைப் பார்த்தால், நான்தான் அவரை இடித்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எனக்கு நாற்பத்து மூன்று வயது. கிள்ளானில் ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலை. சாட்சி தமிழில் சொல்வதை நான் மலாயில் சொல்வேன், மாஜிஸ்திரேட் எழுதிக்கொள்வார். வழக்கறிஞர் மலாயில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வேன். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஆட்கள் சாட்சிக் கூண்டில் ஏறினால் முற்றுப்புள்ளி வைப்பதில்லை. 'நான் சொன்னேன் ஐயா, அவன் கேக்கல, அவன் தம்பி வந்தான், அவன் கையில கட்டை, அது அன்னிக்குக் காலையில எங்க வீட்டு வேலியில புடுங்கினது' என்று போய்க்கொண்டே இருக்கும். அத்தனையையும் மண்டைக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒன்றையும் சிந்தாமல் வேறு மொழியில் எடுத்து வைக்கவேண்டும். எனக்கு இருந்த ஒரே திறமை அதுதான். வீட்டில் ஆணி அடிக்கக்கூட என்னை விடமாட்டார்கள்.

மருத்துவமனையில் மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்து, திரும்ப மூடி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் புத்தகம் ஒன்றை எடுத்தேன். முதல் வரி படித்தேன். இரண்டாம் வரிக்குப் போனேன். முதல் வரி போய்விட்டது. திரும்பி வந்து முதல் வரியைப் பிடித்தால் இரண்டாவது ஓடிவிட்டது. என் அலமாரியில் பெரிய பெரிய நாவல்கள் இருந்தன. எல்லாம் ஒரே வரி நாவல்கள் ஆகிவிட்டன.

இரண்டு மாதம் கழித்து வலிப்பு வந்தது. முதல் தடவை குளியலறையில். அப்புறம் வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. ஒரு மாத்திரை கொடுத்தார்கள், உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. வேறொன்று கொடுத்தார்கள், வலிப்பு கொஞ்சம் குறைந்தது, நானும் குறைந்தேன். காலையில் பல் துலக்கப் போனவன் எதற்காக வந்தோம் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இதற்கிடையில் இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. மருத்துவ விடுப்பு முடியும்போது மெடிக்கல் போர்டு என்னைப் பரிசோதிக்கும், வேலைக்குத் தகுதி இல்லை என்றால் ஓய்வு கொடுத்து அனுப்புவார்கள் என்று அதில் இருந்தது. ஏழு மாதம் இருந்தது. அதற்குள் வலிப்பு நிற்கவேண்டும். வாக்கியமும் மண்டையில் நிற்கவேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் நாற்பத்து மூன்று வயதில், ஆணி அடிக்கத் தெரியாத ஆளாக, வீட்டில் உட்காரவேண்டியதுதான்.

எனக்கு வைத்தியம் பார்த்த நரம்பு டாக்டர் தமிழர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் உள்ளவர். பெரிய டாக்டர்களிடம் நான் வேறெங்கும் காணாத குறை அது.

"ஒரு பழைய முறை இருக்கு" என்றார் ஒரு நாள். "வலிப்பு நிக்காத புள்ளைங்களுக்குக் குடுப்பாங்க. சோறு, ரொட்டி, சீனி எல்லாத்தையும் நிறுத்திட்டு கொழுப்பா சாப்பிடறது. உடம்பு சீனிக்குப் பதிலா கொழுப்ப எரிக்கும். அப்ப கீட்டோன்னு ஒண்ணு வரும். மூளைக்கு அதுவும் எரிபொருள்தான்."

"அடிபட்ட மூளைக்கு அது ஒத்துக்குமா டாக்டர்?"

"அடிபட்ட மூளை சீனிய எரிக்கத் திணறுது, இத குடுத்தா சுலபமா எடுத்துக்கும்னு சில பேர் நினைக்கிறாங்க. நினைக்கிறாங்க, அவ்வளவுதான். உங்க வயசு ஆளுக்கு நான் குடுத்ததே இல்ல. மாத்திரைய நிறுத்தக்கூடாது. வீட்ல நீங்களா செஞ்சி பாக்கவும் கூடாது. இங்க வந்து படுத்து ஆரம்பிக்கணும், ரத்தம், மூத்திரம் எல்லாம் நாங்க பாத்துக்கிட்டே இருக்கணும். சரியா வரும்னு நான் வாக்கு குடுக்கமாட்டேன்."

என் மனைவி ஒரு கேள்விதான் கேட்டாள். "சோறுன்னா, சுத்தமா இல்லையா டாக்டர்?"

"சுத்தமா இல்லம்மா."

அவள் முகத்தைப் பார்த்தேன். மண்டையைத் திறக்கப் போகிறோம் என்று சொன்னபோதுகூட அவள் அப்படி வெளிறவில்லை.

எங்களை டயட்டீஷியன் ஒருவரிடம் அனுப்பினார்கள். சீனப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். அவரிடம் இருந்த பட்டியல் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காகப் போட்டது. வெண்ணெய், பாலாடை, பன்றி இறைச்சித் துண்டு, மறுபடி பாலாடை. நான் அதைப் படித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். என் மனைவி பட்டியலைத் திருப்பி வைத்துவிட்டு மலாயில் கேட்டாள், தேங்காய்ப் பால் கொழுப்புதானே என்று. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். தேங்காயின் முதல் பால், நெய், முட்டை, நெத்திலி, கீரை, பூக்கோசு என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்தப் பெண் கணக்குப் பொறியில் தட்டத் தட்ட, என் மனைவி புளியை மட்டும் விட்டுக்கொடுக்காமல் பேரம் பேசினாள். கடைசியில் ரசத்துக்குச் சுண்டைக்காய் அளவு புளி அனுமதிக்கப்பட்டது. ஒரு சின்னத் தராசும், மூத்திரத்தில் தோய்த்துப் பார்க்கும் காகிதக் குச்சிகள் ஒரு புட்டியும் கொடுத்தார்கள். கீட்டோன் இருந்தால் குச்சி கத்தரிப்பூ நிறமாகும். இல்லையென்றால் வெளிறியே இருக்கும்.

முதல் மூன்று நாள் மருத்துவமனையில் பட்டினிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வாந்தி எடுத்தேன், நடுங்கினேன், பக்கத்துக் கட்டில்காரரின் கஞ்சியைப் பார்த்து அழுதேன். நான்காம் நாள் குச்சி கத்தரிப்பூ நிறமானது. என் மனைவி அதைத் தூக்கிப் பிடித்து நர்ஸ்களிடம் காட்டியபோது இருந்த முகத்தை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

வீட்டில் அவள் ராஜ்ஜியம் தொடங்கியது. வெங்காயத்தை எடை போட்டாள். கறிவேப்பிலையை எடை போட்டாள். நான் மென்று துப்பிய கறிவேப்பிலையைத் திரும்பக் கழிக்கவேண்டுமா என்று டயட்டீஷியனுக்கு போன் போட்டுக் கேட்டாள். காலையில் முட்டையும் தேங்காய்ப் பாலும், மதியம் மீனும் தேங்காய்ப் பாலும், சாயங்காலம் தேங்காய்ப் பாலும் தேங்காய்ப் பாலும். பூக்கோசைத் துருவி நெய்யில் வதக்கி வாழையிலையில் வைத்து, "சோறுன்னு நினைச்சுக்குங்க" என்பாள். நினைக்க முயன்றேன். அடிபட்ட மூளைதான், இருந்தாலும் அவ்வளவு அடிபடவில்லை.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. சத்துமாவு டின், மால்ட் பான டின், குளுக்கோஸ் டின் என்று வரவேற்பறையில் ஒரு சின்ன மளிகைக் கடையே எழுந்தது. அதையெல்லாம் கிள்ளானிலிருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என் மனைவியின் அண்ணனுடையது. லோரி ஓட்டுகிறவர், துறைமுகத்துக்கும் கோலாலம்பூருக்கும் நடுவில் வாழ்கிறவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவார். எனக்கு வண்டி ஓட்டத் தடை என்பதால் எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதும் அவர்தான்.

"என்ன மாப்ள, இன்னிக்கி என்ன விருந்து?"

"தேங்காய்ப் பால், மச்சான்."

"நேத்து?"

"அதுக்கு முந்தின நாள் மிஞ்சின தேங்காய்ப் பால்."

"என் தங்கச்சி உங்கள மனுசன்னு நெனச்சி வைத்தியம் பாக்குறாளா, இல்ல தீபாவளிக்கு முறுக்கு சுடுறாளா?"

"அண்ணே, சும்மா இரு லா" என்பாள் அவள், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்றாம் மாதம் முடியும்போது வலிப்பு நன்றாகக் குறைந்திருந்தது. நின்றபாடில்லை. இரண்டு வாரத்துக்கு ஒன்று எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. பகலில் தலை கொஞ்சம் தெளிந்திருந்தது. ஒரு பத்தி படித்தால் பாதி நின்றது. ஆனால் போர்டுக்கு இன்னும் நான்கு மாதம்தான். டாக்டர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "இன்னும் ஒரு மாசம் பாப்போம். அதுக்கு மேல உங்கள இப்படிக் கஷ்டப்படுத்தறதுல அர்த்தம் இல்ல" என்றார். சோறு திரும்ப வரப்போகிறது என்று நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் போர்டுக்கு மிச்சமிருந்த நாட்களையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

என் மனைவி சமையலறை நாட்காட்டியின் தாள்களைக் கிழிப்பதில்லை. ஒவ்வொரு நாளும் குச்சியின் நிறத்தை அதில் குறித்து வைத்திருந்தாள். மறு வாரம் அதை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு டயட்டீஷியனிடம் போனோம். அந்தப் பெண் தாள்களைத் திருப்பிக்கொண்டே போனார், பிறகு விரல் நின்றது.

"அக்கா, சனிக்கிழமை காலையில மட்டும் ஏன் வெளிறிப் போகுது?" அவர் பேசியது மலாயில், மொழிபெயர்ப்பு என்னுடையது.

மனைவி பார்த்தாள். நானும் பார்த்தேன். சனி, சனி, சனி. வந்த வலிப்புகளும் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி அவரு ஏதோ சாப்பிடுறாரு" என்றார் அந்தப் பெண்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். இருபது வருடம் குற்றவாளிகளோடு புழங்கியவன் நான். குற்றமில்லாதவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, அவளுக்கு உடனே வேறு ஆள் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை வருகிறவர் யார்?

அடுத்த முறை அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனாள். பாவம், லோரியை எங்கோ நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கறையோடு அந்தச் சின்ன அறையில் கூனிக்குறுகி உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லு அண்ணே. இவருக்கு என்ன வாங்கிக் குடுத்த? ரொட்டி சானாயா?"

"நான் ஒரு பருக்கை குடுக்கல. மாரியாத்தா மேல சத்தியம்!"

"கிண்டல் பண்ணிக்கிட்டே இருப்பியே, சோறு போடலன்னு."

"வாயால கிண்டல் பண்ணேன். கையால குடுக்கல. மாப்ள, நீங்களாச்சும் சொல்லுங்க!"

நான் சொன்னேன். என் சாட்சியம் எடுபடவில்லை.

டயட்டீஷியன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக விசாரணையைத் தன் கையில் எடுத்தார். நான் பார்த்த குறுக்கு விசாரணைகளில் அதுதான் சிறந்தது என்பேன்.

"வெள்ளிக்கிழமை எங்க போவீங்க?"

"கோயிலுக்கு" என்றாள் மனைவி.

"அங்க என்ன செய்வீங்க?"

"சாமி கும்பிடுவோம்."

"அப்புறம்?"

"பிரசாதம் வாங்குவோம். வீட்டுக்கு வந்துடுவோம்."

"பிரசாதம்னா?"

"பிரசாதம்தான், மிஸ். சாமிக்குப் படைச்சது."

"அது என்ன பொருள்?"

"சக்கரைப் பொங்கல். சில நாள் பஞ்சாமிர்தம்."

"யார் சாப்பிடுவாங்க?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி தன் வலது கையைப் பார்த்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், என் நோய் தீரவேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டு, இலைத் தொன்னையிலிருந்து சூடான சர்க்கரைப் பொங்கலை எடுத்து என் வாயில் ஊட்டிய கை அது. கறிவேப்பிலையை எடை போட்ட அதே கை.

இதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. நான் என்ன சாப்பிட்டேன் என்று டயட்டீஷியன் வாராவாரம் கேட்பார், நாங்கள் இருவரும் முழு உண்மையோடு பதில் சொல்வோம். பிரசாதம் எங்கள் இருவர் மனதிலும் சாப்பாட்டில் சேரவே இல்லை. சேர்ந்திருந்தால் அவள் தராசில் வைத்திருப்பாள். உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லேன் என்று மற்றவர்களுக்கு உறுதிமொழி வாசித்துக் காட்டியே பிழைத்தவன், மூன்று மாதம் அரிசியும் வெல்லமும் விழுங்கிவிட்டு ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பொய்ச் சாட்சிக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. இதற்கு என்ன தண்டனை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் மனைவி அழத் தொடங்கினாள். "நானே குடுத்துட்டேன், மிஸ். நானே என் கையால குடுத்துட்டேன்."

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "அக்கா, எங்க அம்மாவுக்குச் சீனி வியாதி. வீட்ல பழத்த தொடமாட்டாங்க. சாமி மேடையில வெச்ச ஆரஞ்ச மட்டும் முழுசா சாப்பிடுவாங்க. கேட்டா, அது பழம் இல்ல, ஆசீர்வாதம்ங்கிறாங்க. நான் படிச்ச படிப்பெல்லாம் அந்த ஆரஞ்சுகிட்ட தோத்துப் போச்சு லா."

மச்சான்தான் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டு, "அப்ப என்மேல போட்ட கேசு தள்ளுபடியா?" என்றார். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து ஆட்டுக்கறியும் சோறும் போட்டாள். மூன்று தடவை சோறு கேட்டு வாங்கினார், என்னைப் பார்த்தபடியே.

சிக்கல் இன்னும் தீரவில்லை. பிரசாதம் வேண்டாம் என்று சொல்ல என் மனைவிக்கு மனம் வரவில்லை. நோயோடு போராடும் நேரத்தில் சாமி கொடுப்பதைத் தள்ளுவதா? அடுத்த வெள்ளிக்கிழமை குருக்களிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நான் பக்கத்தில் குற்றவாளிபோல் நின்றேன். குருக்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"என்னதான் சாப்பிடலாம் அவரு?"

"தேங்காய், சாமி. கொழுப்பு உள்ளதா."

"அட, அதுக்கா இவ்வளவு கலக்கம்?" என்றார். "அர்ச்சனைக்குத் தேங்காய்தானேம்மா உடைக்கிறோம். அதுவும் பிரசாதம்தான்." ஒரு மூடியை எடுத்து அவள் முந்தானையில் போட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கீறி எடுத்து, தராசில் வைத்து எடை போட்டாள். பிரசாதத்தை எடை போட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். மறுநாள் சனிக்கிழமை. குச்சி கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

அதன்பிறகு ஒரு வலிப்பு வந்தது, சின்னது. அதோடு நின்றது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மூடுபனி விலகுவதுபோல் என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. ஒரு நாள் நாளிதழின் தலையங்கத்தைப் படித்து முடித்து, அது அபத்தம் என்று எரிச்சல்பட்டேன். எரிச்சல்பட வேண்டுமானால் முதல் வரி கடைசி வரிவரை நினைவில் நிற்கவேண்டும் அல்லவா? மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அந்தத் தாளைக் கத்தரித்துப் பூஜை அலமாரியில் வைத்தாள்.

மெடிக்கல் போர்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வலிப்பு பற்றிக் கேட்டார்கள், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். நடுவில் இருந்தவர் சாப்பாட்டு விஷயத்தைப் படித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். இதனால்தான் குணமானது என்று நினைக்கிறீர்களா என்றார். தெரியாது என்றேன். என் டாக்டருக்கும் தெரியாது. மாத்திரையாக இருக்கலாம், காலமாக இருக்கலாம், மூளை தானே ஆறியிருக்கலாம், தேங்காயாகவும் இருக்கலாம். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாததால் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வருகிறேன். ரொட்டிக்காரருக்கும்தான், அவர் இல்லையென்றால் இவர்கள் யாரையும் எனக்குத் தெரிந்திருக்காது. மூன்று மாதம் சோதனை முறையில் வேலைக்குத் திரும்பலாம் என்று போர்டு எழுதியது.

திரும்பிய முதல் நாள், கிள்ளானில் முதல் வழக்கு ஆடு திருட்டு. சாட்சி ஐம்பது வயது ரப்பர்த் தோட்டத்து அம்மாள். கூண்டில் ஏறியதும் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு ஆரம்பித்தார். விடிகாலை பால்மரம் வெட்டப் போனது, மழை தூறியது, மருமகன் காய்ச்சலில் படுத்திருந்தது, நாய் குரைத்தது, லோரி நின்றது, அதில் எத்தனை பேர், யார் சட்டை போடவில்லை, ஆடு எந்தப் பக்கமாகக் கத்தியது. இடையில் நிறுத்தச் சொல்லி நான் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அவர் முடித்தார். மாஜிஸ்திரேட் பேனாவோடு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். பால்மரம் வந்தது. மழை வந்தது. மருமகன், நாய், லோரி எல்லாம் வரிசையில் வந்தார்கள். கடைசியில் ஆடும் கத்தியது. மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருந்தார்.

கூண்டிலிருந்த அம்மாளுக்கு மலாய் நன்றாகவே தெரியும் போலிருக்கிறது. குனிந்து என்னிடம் சொன்னார்: "எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க சார். நாய் எங்களுது இல்ல, பக்கத்து வீட்டுதுன்னு சொன்னேனே, அத மட்டும் விட்டுட்டீங்க."

நான் மாஜிஸ்திரேட்டை வணங்கி, ஒரு திருத்தம் சொல்ல அனுமதி கேட்டேன்.